யார் யார் சம்மதிச்சாங்க?

1989 நவம்பரில் நான் கை சின்னத்தின் மேல் முத்திரை குத்தினேன். ஓட்டு ரகசியமானது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் இந்தக் கதையை அங்கிருந்து தொடங்காவிட்டால் பாதியிலேயே நழுவிவிடுவேன். நழுவுவது எனக்குக் கைவந்த கலை.

அந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38ஐக் காங்கிரசும் அண்ணா திமுகவும் சேர்ந்து வாரிக்கொண்டன. அதே ஆண்டு ஜனவரியில் மாநில ஆட்சியைப் பிடித்திருந்த திமுகவுக்கு ஓரிடம்கூட இல்லை. ஏற்காட்டில் நாங்கள் பூத் வாசலில் வரிசை கட்டி நின்ற அன்று, இந்திய அமைதிப்படை இலங்கையின் வடகிழக்கில்தான் இருந்தது. அங்கே அது துப்பாக்கியைத் தூக்கி இரண்டு வருஷம் தாண்டியிருந்தது. அமைதி காக்கப் போன படை தமிழர்களைக் கொன்றது, தானும் செத்தது. கடைசியில் கணக்குப் பார்த்தபோது நம் சிப்பாய்கள் ஏறக்குறைய 1,200 பேர் திரும்பவில்லை. அங்கே செத்த பொதுமக்களை யாரும் ஒழுங்காக எண்ணக்கூட இல்லை. அந்தப் படையை அனுப்பிய கட்சிக்குத்தான் நாங்கள் அள்ளிக் கொடுத்தோம். மற்றவர்கள் எதற்காகக் குத்தினார்களோ, நான் குத்தியது காப்பி விலைக்காக.

அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டியில் கணக்கெழுதியவர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் நாகலூர்ப் பக்கம் ஆறு ஏக்கர் தோட்டம் வாங்கினார். சில்வர் ஓக் நிழல், அதில் ஏற்றிய மிளகுக் கொடி, அடியில் அரபிக்கா. அந்தக் காலத்தில் விளைந்த காப்பியை நாமாக விற்க முடியாது. காப்பி வாரியத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். வாரியம் விற்றுத் தவணை தவணையாகப் பணம் தரும். 1989 ஜூலையில் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் கோட்டா முறை உடைந்தது. விற்கும் நாடுகள் இருப்பில் கிடந்த சரக்கைச் சந்தையில் கொட்டின. சில மாதங்களில் உலக விலை பாதிக்குப் பாதி விழுந்தது. ஏற்காட்டில் நவம்பர் என்றால் பழம் சிவக்கும் மாதம். அந்த வருஷம் பழம் சிவக்கச் சிவக்க எனக்கு வயிறு கலங்கியது. நிலுவைத் தவணையை வாங்கித் தரக்கூடியவர் யாரோ அவருக்கு ஓட்டு. அவ்வளவுதான் என் அரசியல்.

ஆனால் டீக்கடையில் என் அரசியல் வேறு. ஏரிக்கரைக் கடையில் நான் பேச ஆரம்பித்தால் பேருந்துக்கு நிற்கிறவர்களும் நின்று கேட்பார்கள். திம்புப் பேச்சுவார்த்தை, திருகோணமலைத் துறைமுகம், ஜெயவர்த்தனாவின் தந்திரம் எல்லாம் நாக்கு நுனியில். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நான்காம் நாள் மெரினாவில் ராஜீவும் எம்ஜிஆரும் ஒரே மேடையில் நின்றார்கள். அன்று நான் எல்லாருக்கும் டீ சொன்னேன். ‘இனி ஒரு குண்டு வெடிக்காது’ என்று அடித்துச் சொன்னேன். அந்த அக்டோபரிலேயே நம் படையின் தாக்குதல், ‘ஆபரேஷன் பவன்’, தொடங்கியது.

இனி அந்த அக்காவைப் பற்றி. பெயர் வேண்டாம். சேர்வராயன் கோயில் மேட்டுக்குக் கீழே ஒரு மலையாளி ஊர் அவருடையது. மலையாளி என்றதும் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும், தமிழ் பேசும் பழங்குடி மக்கள் இவர்கள். சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று இந்த மலையையே மூன்று நாடாகப் பிரித்து வைத்திருப்பவர்கள். அக்கா எங்கள் தோட்டத்தில் என் அரைக்கால் சட்டைக் காலத்திலிருந்து பழம் பறித்தவர். அவர் பையன் பத்தாவது முடித்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தான். சேலத்தில் ஆளெடுப்புக்குப் போக அவனுக்குப் பேருந்துக் காசு கொடுத்தது நான்தான். கொஞ்ச காலம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

1987 தீபாவளி கழிந்த வாரம் தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் தபால்காரர் என்னிடம் கொண்டுவந்தார். நாலு வரி. நான் படித்தேன், பிறகு அதைத் தமிழில் சொன்னேன். அக்கா அழாமல் கல்லாக நின்றார் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அழுதார். களத்து மண்ணில் புரண்டு அழுதார். அந்தத் தீபாவளி நாளிலேயே நம் படை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து டாக்டர்களையும் நர்சுகளையும் நோயாளிகளையும் சுட்டது. அதை நான் வெகுநாள் கழித்து ‘முறிந்த பனை’ நூலில்தான் தெரிந்துகொண்டேன். அதை எழுதிய நால்வரில் ஒருவர் ராஜனி திராணகம, யாழ்ப்பாணத்து மருத்துவப் பேராசிரியர். புலிகள், இந்தியப் படை, மற்ற இயக்கங்கள் என்று எல்லாப் பக்கமும் கேள்வி கேட்டவர். 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நான் முத்திரை குத்துவதற்கு இரண்டு மாதம் முன்பு. கேள்வி கேட்பதற்கு அங்கே அந்த விலை இருந்தது. எனக்கு இங்கே எந்த விலையும் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து அக்கா பழம் பறிக்க வந்தார். ஒருநாள் சாயந்திரம் எடை போட்டு முடித்ததும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

“தம்பி, எங்கூர்ல மாரியம்மனுக்கு நோம்பி சாட்டறதுன்னாக்கூட ஊர்க்கவுண்டர் எல்லாத்தையும் கூட்டி வெச்சுக் கேப்பாரு. ஒருத்தரு வேண்டாம்னா மறுக்காப் பேசுவாங்க. எம்பையன அங்க அனுப்பறதுக்கு யாரு யாரு சம்மதிச்சாங்க?”

“விசாரிச்சுச் சொல்றேங்க்கா” என்றேன்.

உண்மையாகவே விசாரித்தேன். சேலத்தில் ஒரு வக்கீல் நண்பர் இருந்தார். அரசியல் சட்டப் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினார். 53ஆவது உறுப்பு முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைக்கிறது; அவர் அமைச்சரவை சொல்கிறபடி நடப்பார். போரும் சமாதானமும் மத்திய அரசின் பட்டியலில் உள்ளவை. ஆனால் படையை எல்லை தாண்டி அனுப்புமுன் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுக்க வேண்டும் என்று எந்த மூலையிலும் எழுதியிருக்கவில்லை. 1962இல் சீனப் படையெடுப்பின்போது, நவம்பர் 14 அன்று மக்களவை மொத்தமும் எழுந்து நின்று ஒரு தீர்மானத்தை ஏற்றது. ஆனால் அது சண்டை மூண்டு மூன்று வாரம் கழித்து. 1987இல் அந்த அளவுக்குக்கூட இல்லை. கையெழுத்தான மறுநாளே படை பலாலியில் இறங்கிவிட்டது.

நண்பர் இன்னொரு பக்கத்தையும் புரட்டினார். 105ஆவது உறுப்பு. அவைக்குள் பேசிய பேச்சுக்கும் போட்ட ஓட்டுக்கும் எந்த உறுப்பினர் மேலும் எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. “ஓட்டுப் போட்டிருந்தாலும் கேக்க முடியாது. போடவும் இல்ல. நீ யாரைப் போய்க் கேப்ப?” என்று சிரித்தார். எனக்கு அன்று அது பெரிய நிம்மதியாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

வெளிநாட்டில் ஓட்டெடுத்த இடங்களில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று பிற்பாடு டீக்கடையில் வாதாடியிருக்கிறேன். 1964இல் அமெரிக்காவில் வியட்நாம் போருக்கு வழிவிட்ட தீர்மானத்தைச் செனட்டில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர், மோர்ஸும் குரூனிங்கும். கீழவையில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. 1968இல் அந்த இரண்டு பேருமே பதவி இழந்தார்கள். 2003 மார்ச் 18 அன்று பிரிட்டிஷ் மக்களவை ஈராக் போருக்கு 412க்கு 149 என்று சம்மதம் கொடுத்தது. இரண்டு வருஷம் கழித்து அதே கட்சிதான் மறுபடி ஜெயித்தது. இதையெல்லாம் அடுக்கி, ‘பார்த்தீங்களா, எங்கேயும் இதே கதைதான்’ என்று முடிப்பேன். ஒன்றை மட்டும் சொல்லமாட்டேன். லண்டனில் பெத்னல் கிரீன் என்று ஒரு தொகுதி. வங்கதேசத்து முஸ்லிம்கள் நிறையப் பேர் இருக்கிற இடம். போருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட தங்கள் உறுப்பினர் ஊனா கிங்கை 2005இல் அந்த மக்கள் 823 ஓட்டு வித்தியாசத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். யார் யார் சம்மதித்தார்கள் என்ற பட்டியல் அச்சில் இருந்தது. தையற்கூடத்துக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். நம்மிடம் பட்டியல் இல்லை. இது உண்மையான குறைதான். ஆனால் நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, குடையாகப் பிடித்துக்கொண்டேன்.

அக்காவிடம் போய், “யாரும் சம்மதிக்கலைங்க்கா. யாரையும் கேக்கவேயில்ல” என்றேன். எல்லாவற்றையும் முடித்துவிட்ட தோரணை எனக்கு.

“கேக்காமயேவா?” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, கேக்காம அனுப்பிட்டாங்க. அனுப்பிச்ச பொறவு நம்ம ஆளு எந்திரிச்சு, ஏன் அனுப்பிச்சேன்னு கேட்டாரா?”

வக்கீல் நண்பருக்குத் தோன்றாத கேள்வி. எனக்கும் தோன்றவில்லை. மாநிலங்களவையில் வை. கோபால்சாமி போன்றவர்கள் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து கத்திக்கொண்டிருந்ததைப் பத்திரிகையில் படித்திருந்தேன். நான் ஓட்டுப் போட்டு அனுப்பிய பக்கத்தில் யாராவது வாயைத் திறந்தார்களா என்று தேடிப் பார்க்கக்கூட எனக்கு எண்ணம் வரவில்லை. பேசாமல் நின்றேன்.

“ஓட்டுக் கேக்க வருவாங்கல்ல, அப்பக் கேட்டுச் சொல்லு தம்பி.”

“சரிங்க்கா.”

இந்த ‘சரிங்க்கா’வைத்தான் நான் காப்பாற்றவில்லை. அதை எப்படிக் காப்பாற்றவில்லை என்பதைச் சொல்லுமுன், மற்றவர்கள் வாக்குத் தவறியபோது நான் எப்படியெல்லாம் கொதித்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

1990 மார்ச் 24 அன்று கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டது. சென்னைத் துறைமுகத்தில் படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் தரப்பு. நான் டீக்கடையில் மேசையைத் தட்டினேன். ‘செத்த பையன்களுக்கு என்ன மரியாதை? நம்ம மலைப் பையன் ஒருத்தன் செத்திருக்கான் தெரியுமா?’ என்று கேட்டேன். அந்த மலைப் பையனின் வீட்டுப் படியை நான் மிதித்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஏன் நாலு மாதம் என்பது கடைசியில்.

2008 அக்டோபர் 14 அன்று சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. இலங்கையில் இரண்டு வாரத்துக்குள் போர் நிற்க மத்திய அரசு ஏற்பாடு செய்யாவிட்டால் தமிழ்நாட்டு எம்பிக்கள் பதவி விலகுவார்கள் என்று தீர்மானம். திமுக எம்பிக்கள் வரப்போகும் தேதியைப் போட்டு விலகல் கடிதம் எழுதி முதல்வரிடம் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் மத்திய அமைச்சர் பிரணாப் முகர்ஜி வந்து பேசினார். கடிதங்கள் அவைத்தலைவர் மேசைக்குப் போகவேயில்லை. எனக்கு அதைவிட நல்ல விருந்து எது? ‘1939இல் நம்ம சேலத்து ராஜாஜியைப் பாருங்கய்யா’ என்று ஆரம்பிப்பேன். அந்த வருஷம் செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ எந்தச் சட்டசபையையும் கேட்காமல் இந்தியாவை உலகப் போருக்குள் இழுத்துவிட்டார். கட்சி சொன்னதும் அக்டோபர் முடிவதற்குள் சென்னை மாகாணப் பிரதமர் நாற்காலியை விட்டு ராஜாஜி எழுந்து போனார். ‘சேலம் முனிசிபல் சேர்மனா இருந்தவருக்கு அந்த ரோஷம் இருந்துது. இவங்க கடிதாசியிலே தேதி தள்ளிப் போடறாங்க!’ கடை முழுக்கச் சிரிப்பு. என் ‘சரிங்க்கா’வுக்கு அப்போது இருபது வயது ஆகியிருந்தது.

2009 மே 13 அன்று மக்களவைத் தேர்தல். தொகுதிச் சீரமைப்பில் ஏற்காடு கள்ளக்குறிச்சியோடு சேர்ந்திருந்தது. முள்ளிவாய்க்காலில் போரின் கடைசி நாட்கள். அன்று நான் ஓட்டுப் போடவில்லை. எதிர்ப்பைக் காட்டத்தான் போடவில்லை என்று ரொம்ப நாள் சொல்லி வந்தேன். எதிர்ப்பென்றால் பூத்துக்குப் போய், 49ஓ விதிப்படி யாருக்கும் ஓட்டில்லை என்று பதிவேட்டில் குறிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அப்படி ஒரு வழி அப்போது இருந்தது. நடந்தது என்னவென்றால், தோட்டத்து வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தேன். மே மாதம், சீசன். ஈரோட்டிலிருந்து இரண்டு குடும்பம் காலையில் வந்து இறங்கிவிட்டது. வெந்நீர் போட ஆளில்லை. அடுத்த வாரம் போர் முடிந்த செய்தி வந்தபோது அவர்கள் அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. அதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்பது வேறு விஷயம்.

இனித்தான் சொல்ல வேண்டியது. இதுவரை எழுதியதெல்லாம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் மாதிரி. சேலத்திலிருந்து ஏறினால் இருபது வளைவு உண்டு. ஒவ்வொன்றிலும் ஊர் வந்துவிட்டதுபோல் இருக்கும்.

1989 நவம்பர், ஓட்டுக்குப் பத்து நாள் முன்பு. காங்கிரஸ் கூட்டணி வேட்பாளருக்காக வெளியூரிலிருந்து ஒரு பிரமுகர் மலைக்கு வந்தார். வேட்பாளர் இல்லை, ஆனால் டெல்லியில் செல்வாக்கு உள்ளவர். எங்கள் தோட்டத்தை ஒட்டிய முக்கில் ஜீப்பை நிறுத்தினார்கள். சிறு காப்பி விவசாயிகள் சார்பில் மனுக் கொடுக்க நாங்கள் ஏழெட்டுப் பேர் வெள்ளை வேட்டியில் நின்றோம். மனுவை எழுதியது நான். மூன்று பக்கம். கோட்டா, உலக விலை, நிலுவைத் தவணை எல்லாம் புள்ளி விவரத்தோடு. என் சட்டைப் பையில் அக்காவின் கேள்வியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தேன். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை, ஆனால் வைத்திருந்தேன். மனுவைக் கொடுத்து, அவர் முகத்தைப் பார்த்து, நல்ல நேரம் என்று தோன்றினால் கேட்பதாக உத்தேசம்.

ஊர்ப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வரிசையில் நின்றார்கள். அக்காவும் நின்றார். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு தட்டிலும் பிரமுகர் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டே வந்தார். கொட்டுக்காரர்கள் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் தட்டில் நோட்டு விழுந்தது. அவர் தட்டைச் சுற்றவில்லை. இரண்டு கையாலும் பிடித்தபடி, சத்தமில்லாமல், ஆனால் தெளிவாகக் கேட்டார்:

“எம்பையன எதுக்குங்க அனுப்புனீங்க?”

பிரமுகருக்குக் கேட்டது. கேட்டதால்தான் நின்றார். கொட்டுச் சத்தத்துக்கு மேலே காதைச் சாய்த்து, “என்னம்மா?” என்றார். இன்றைக்கு யோசித்தால், அந்த மனிதர் பதில் சொல்லியிருக்கக்கூடும். தப்பான பதிலாகவோ, வழவழாவென்றோ ஏதாவது சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் அது ஒரு பதில். ஊர்ப் பெண்கள் இருபது பேர் காதில் விழுந்திருக்கும். அவர் நின்றது நாலைந்து நொடி. அந்த நாலைந்து நொடிக்குள் நான் மூன்றடி எடுத்து வைத்து நடுவில் போனேன்.

“பட்டாளத்துல பையன் போயிட்டான் சார். அதுலேர்ந்து கொஞ்சம் மனசு சரியில்லாதவங்க. நீங்க வாங்க சார்.”

என் மனு அவர் கைக்குப் போக வேண்டும். அவர் முகம் சுளிக்காமல் போக வேண்டும். அது மட்டும்தான் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் இருந்தது. பிரமுகர் தலையை ஆட்டிக்கொண்டு, தட்டில் இன்னொரு பத்து ரூபாயை வைத்துவிட்டு, நகர்ந்தார். நான் மனுவைக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அந்தப் பக்கத்து ஆள் அதை ஜீப்பின் முன் கண்ணாடிக்கடியில் செருகினார். துண்டுச் சீட்டு என் பையிலேயே இருந்து, அடுத்த வெளுப்பில் கரைந்துபோனது.

பத்து நாள் கழித்து வரிசையில் நின்று நான் குத்திய கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. நிலுவைத் தவணை வழக்கம்போல் தாமதமாக வந்தது. மனுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அக்கா சண்டைக்கு வரவில்லை. வேறு தோட்டத்துக்கும் போகவில்லை. போயிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். டிசம்பர் பறிப்புக்கு வழக்கம்போல் வந்தார். அதற்குப் பிறகும் பதினோரு பருவம் பறித்தார். நாள்கூலிக்கு மேல் பறித்த பழத்துக்குக் கிலோக் கணக்கு. சாயந்திரம் தராசு முன்னால் பெண்கள் கூடையோடு வரிசையாக வருவார்கள், நான் நோட்டில் பேர் எழுதி எடை எழுதுவேன். அந்த டிசம்பரின் முதல் நாள் அவர் முறை வந்தது. கூடையைத் தூக்கித் தட்டில் வைத்தார். முள் ஆடி நிற்கும்வரை அதையே பார்த்தார்.

“எத்தன கிலோங்க சார்?” என்றார்.

அதுவரை அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். பதினெட்டரை என்று சொன்னேன். நோட்டில் எழுதினேன்.